கரிசல் மண்ணின் பாம்புகளை இனங்காணுதல்

(இளையரசனேந்தலில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆடித்தபசுக்கு ஒருமுறையேனும் சங்கரன்கோவில் போய்வராத குடும்பம் இந்த ஊரிலும் இதைச் சூழ்ந்த கரிசற்காட்டுக் கிராமங்களிலும் இராது என்றே எண்ணுகிறேன். அங்கே கோமதி அம்மனை வணங்கி, புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பூச்சி பொட்டுகளால் வீட்டுக்கு ஒரு தீங்கும் நேராதிருக்க வேண்டும் என்று பாம்பும் தேளும் பொறித்த தகடுகளைக் காணிக்கையாகச் செலுத்திவிட்டுத் திரும்புகிறோம். சிவபெருமானே பெரியவர் என்ற சங்கனும், திருமாலே பெரியவர் என்ற பதுமனும் ஆகிய இரண்டு நாகராஜர்களின் வாதத்தைத் தீர்ப்பதற்காக அம்மன் தவம் இயற்ற, இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார் என்பது அந்தத் தலத்தின் புராணம். பாம்புகள் வந்து கேட்டதனால் தெய்வமே வடிவம் மாறி வந்து நின்ற பூமி இது. ஆனால் அங்கே கும்பிட்ட அதே கை, வீடு திரும்பிய மறுநாள் படப்பின் ஓரத்தில் ஏதோ ஒன்று நெளிவதைக் கண்டவுடன் கம்பைத் தேடுகிறது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்கிறபோது, பிள்ளைகுட்டிகளோடு குடியிருக்கிற ஒரு சம்சாரியின் கை கம்பைத் தேடுவது இயற்கை. ஆயினும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கும்பிடுவதற்கும் அடிப்பதற்கும் ஒரு பாம்பை இன்னதென்று அறிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதனோடு ஒரே மண்ணில் குடியிருப்பதற்குத்தான் அந்த அறிவு வேண்டியிருக்கிறது. ஆகையினால், பழைய திருநெல்வேலிச் சீமையின் வடபாகமாகிய இந்தக் கரிசல் நிலத்தில் நம்மோடு வாழ்ந்துவருகிற பாம்புகளை இனங்காணுவது எப்படி என்பதையே இன்றைய பேச்சுக்கு விஷயமாக எடுத்துக்கொண்டேன்.

என்னை இந்த விஷயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது புத்தகம் அன்று. என் சித்தியின் மரணம். நான் சிறுவனாக இருந்த காலத்தில், ஓர் ஐப்பசி மாதத்து அடைமழை இரவில், எங்கள் பாட்டி வீட்டு மண்தரையில் கோரைப்பாயை விரித்துப் பிள்ளைகளெல்லாம் வரிசையாகப் படுத்திருந்தோம்; என் தாயாரின் தங்கை, மணமாகி ஓராண்டு நிறையாதவள், சுவர் ஓரமாகப் படுத்திருந்தாள். விடிவதற்கு மூன்று நாழிகை இருக்கும்போது வயிற்றைப் பிசைகிறது என்று எழுந்து உட்கார்ந்தாள். இரவு உண்டது செரிக்கவில்லை போலும் என்று பாட்டி ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். சற்று நேரத்தில் சித்தியின் இமைகள் தாழ்ந்தன. வலி தணிந்து தூக்கம் வருகிறது என்று எல்லோரும் ஆறுதல் அடைந்து விளக்கைச் சிறிதாக்கினார்கள். பேச்சு குழறியதையும் தூக்கக் கலக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். கிழக்கு வெளுத்தபோது அவளுக்கு மூச்சு இல்லை.

பொழுது விடிந்த பிறகு சுவர் வெடிப்பில் ஒரு பாம்பைக் கண்டு, தாத்தா அதை அடித்து முற்றத்தில் போட்டார். அதுவே கொன்ற பாம்பு என்று ஊர் முழுவதும் வந்து பார்த்தது. அதைப் பார்த்தவர்களுள் என் தாய்மாமாவும் ஒருவர். பல ஆண்டுகள் கழித்து, பாம்புகளைப் பற்றி ஓரளவு படித்த பிறகு, நான் அவரிடம் அந்த உருவத்தை ஞாபகப்படுத்திச் சொல்லும்படி கேட்டேன். "முழ நீளத்துக்குச் சற்று மேல் இருக்கும்டா, பழுப்பு நிறம். கழுத்தில் பட்டையாக வெள்ளை, அங்கிருந்து கீழே வர வரக் கோடு மங்கி, வாலில் ஒன்றுமே இல்லை" என்றார். அப்படியானால் முற்றத்தில் கிடந்தது, பல்லியைத் தேடிச் சுவரில் ஏறுகிற, விஷமே இல்லாத வெள்ளிக்கோல் வரையன். சித்தியைக் கடித்தது கட்டுவிரியன் என்பதை வயிற்று வலியும் இமைச் சரிவும் ஐயமின்றிச் சொல்கின்றன. அது இருட்டில் வந்து இருட்டிலேயே போய்விட்டது. ஒரே இரவில் நோயையும் தவறாக அறிந்தோம், பாம்பையும் தவறாக அறிந்தோம். அந்த இரண்டு அறியாமைகளுக்கும் வேர் ஒன்றே என்பதை உணர்ந்த நாள்முதல் இந்த விஷயத்தில் எனக்குச் சிரத்தை உண்டாயிற்று.

பாம்புகளை இனங்காணுவதற்கு நம் ஊர்களில் வழங்கிவரும் சில பொது விதிகள் உண்டு. தலை முக்கோணமாக இருந்தால் விஷப்பாம்பு என்பது ஒன்று. அந்த விதியை நம்பினால் நல்ல பாம்பும் கட்டுவிரியனும் விஷமற்றவை என்று ஆகிவிடும், ஏனெனில் அவற்றின் தலை முக்கோணமாக இராது. உடம்பு தடித்து வால் குறுகியிருந்தால் விஷம் என்பது இன்னொன்று. அந்த விதியினால் பரம சாதுவாகிய மண்ணுளிப் பாம்பு நாள்தோறும் உயிரிழக்கிறது. கடிவாயில் இரண்டு பல் குறி இருந்தால்தான் விஷம் என்பது மூன்றாவது. மூன்றிலும் அபாயகரமானது இதுவே, கட்டுவிரியனின் பற்கள் மிகச் சிறியவை, அதன் கடி பட்ட இடத்தில் பல சமயம் ஒரு புள்ளியும் தெரியாது, வீக்கமும் இராது. நிறத்தையும் நம்புவதற்கில்லை. கோதுமை நிறத்தில் ஒரு நல்ல பாம்பும் கறுத்த நிறத்தில் ஒரு நல்ல பாம்பும் ஒரே புஞ்சையில் திரியலாம். நாம் இரண்டாவதற்குக் கருநாகம் என்று வேறு பெயர் வைத்தாலும் இரண்டும் ஒரே இனந்தான்.

இந்தக் கலையைச் சாஸ்திர முறையில் எழுதியவர்களையும் இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியில் இயற்கை ஆராய்ச்சியாளராக இருந்த பாட்ரிக் ரசல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், விசாகப்பட்டினத்தில் தங்கியிருந்த காலத்தில், உள்ளூரார் கொண்டுவந்து கொடுத்த பாம்புகளைப் படமெழுதுவித்து, அவர்கள் சொன்ன பெயர்களையும் கேட்டு எழுதிவைத்து, சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். நாம் கண்ணாடி விரியன் என்கிற பாம்பு ஆங்கிலத்தில் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவருக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்து, இலங்கையில் பிறந்து இந்திய ராணுவ மருத்துவத் துறையில் பணியாற்றிய பிராங்க் வால் என்பவர், நாட்டின் விஷப்பாம்புகளை அறிந்துகொள்ளும் முறையை விளக்கி 1907-இல் ஒரு நூல் எழுதினார். முதுகின் நடுவரிசைச் செதில்கள் பெரிதாக அறுகோணமாக இருக்கின்றனவா, மேலுதட்டின் மூன்றாம் செதில் கண்ணையும் மூக்கையும் தொடுகிறதா என்று செதில் செதிலாகப் பார்த்து முடிவு கட்டுகிற அவருடைய முறை மிக நுட்பமானது, தவறாதது. ஆனால் அது செத்த பாம்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவருக்கு உரிய முறை. உயிருள்ள பாம்பைப் பத்தடி தூரத்தில், அந்தி வெளிச்சத்தில், தலையில் புல்லுக்கட்டோடு பார்க்கிற நமக்கு வேறு முறை வேண்டும்.

அந்த முறையை நான் நான்கு சொற்களில் அடக்கிக்கொள்கிறேன்: மேனி, நடை, பொழுது, இடம். பாம்பின் லட்சணம் அதன் தோலில் மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது எந்த நேரத்தில் வெளியே வருகிறது, எங்கே ஒதுங்குகிறது என்பதும் அதன் லட்சணமே. மேனியைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். பொழுதையும் இடத்தையும் அறிந்தவனுக்கு இருட்டிலும் அந்த அறிவு துணைவரும்.

பாரத தேசத்தில் 300-க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணமாகிறவை நான்கே. அந்த நான்கும் நம் கரிசலில் உள்ளவை. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாக, அவற்றைப் போலத் தோன்றி நம்மை மயக்குகிற சாதுப் பாம்புகளோடு சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது நல்ல பாம்பு. அஞ்சத்தக்க ஒன்றுக்கு நல்லது என்று பெயர் வைத்த நம் முன்னோரின் மனப்பான்மையை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. படம் எடுத்து நின்றால் அதைக் குழந்தையும் அறியும். படத்தின் பின்புறத்தில் மூக்குக்கண்ணாடி போன்ற குறியும் பெரும்பாலும் இருக்கும். கஷ்டமெல்லாம் அது படம் எடுக்காமல் ஊர்ந்து போகும்போதுதான். அப்போது அதையும் சாரையையும் மாற்றி அறிகிறோம். சாரையின் கண் பெரியது. முகம் நீண்டு, கழுத்து ஒடுங்கி, தலை தனியே தெரியும். உதட்டுச் செதில்களின் ஓரத்தில் மையால் கோடு இழுத்ததுபோல் கறுப்பு வரிகள் இருக்கும். நல்ல பாம்பின் தலை கழுத்தோடு ஒட்டி உருண்டையாக இருக்கும். கண் அவ்வளவு பெரிதன்று. சாரை பகலில் திரிவது. ஆளைக் கண்டால் விசையாகப் பாய்ந்து மறைவது. நல்ல பாம்பு அந்தியிலும் விடியலிலும் மிகுதியாக நடமாடும். அதன் ஓட்டம் சாரையின் ஓட்டத்துக்கு ஈடாகாது.

இடத்தைப் பார்த்தால், நல்ல பாம்பு எலியின் பின்னால் வருகிறது. குலுக்கையும் மூட்டையும் இருக்கிற வீட்டில் எலி இருக்கும். எலி இருக்கிற வளைக்கு நல்ல பாம்பு வரும். புற்றைக் கட்டுவது கறையான். பாம்பு அதில் குடியேறுகிறது, அவ்வளவே. பாலை அது தேடிக் குடிப்பதும் இல்லை. எலியும் தவளையுமே அதற்கு ஆகாரம். ஆதலால், தானியத்தை எலி அண்டாமல் வைக்கிற வீடு பாதி பாதுகாப்பைத் தேடிக்கொண்ட வீடு.

சாரையும் நல்ல பாம்பும் பிணைகின்றன, சாரைதான் ஆண், நாகம்தான் பெண் என்று நம் பக்கத்தில் ஓர் அபிப்பிராயம் உண்டு. பிணையலைக் கண்டால் புது வேட்டியை அதன்மேல் போர்த்தி எடுத்துப் பெட்டியில் வைப்பதும் உண்டு. அவை இரண்டும் வேறு வேறு இனம், ஒன்றோடொன்று கூடுவதில்லை. நாம் பிணையல் என்று காண்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் உடம்பை முறுக்கிக்கொண்டு, ஒன்றன் தலையை மற்றொன்று கீழே அழுத்தப் பார்க்கும் மல்யுத்தம். கடிக்காமல், காயப்படுத்தாமல், பலத்தை மட்டும் காட்டி வெற்றி தோல்வியைத் தீர்த்துக்கொண்டு பிரிந்து போகிற அந்தப் போரைத் தள்ளி நின்று பார்க்க வாய்த்தவர் பாக்கியசாலி.

இரண்டாவது கட்டுவிரியன், எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். நீலம் கலந்த கறுப்பு மேனி, எண்ணெய் தடவியதுபோன்ற பளபளப்பு, அதன்மேல் மெல்லிய வெள்ளை வளையங்கள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. இங்கே ஒரு குறிப்பை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கட்டுவிரியனுக்கு வளையங்கள் கழுத்துப் பக்கம் மங்கியோ இல்லாமலோ இருந்து, வாலை நோக்கிப் போகப் போகத் தெளிவாகும். வெள்ளிக்கோல் வரையனுக்கோ கழுத்திலேயே பட்டை தொடங்கி, வாலை நோக்கிப் போகப் போக மங்கி மறையும். என் தாய்மாமா சொன்னதை மறுபடி நினைத்துக்கொண்டால் இந்த வேற்றுமை மறக்காது.

கட்டுவிரியனின் பொழுது இரவு; பகலில் தொட்டாலும் சுருண்டு தலையை மறைத்துக்கொண்டு கிடக்கிற அது, நள்ளிரவில் வேறு சுபாவம் கொண்டதாக ஆகிறது. பிற பாம்புகளையும் எலியையும் ஓணானையும் தேடித் திரிகையில், மழைக்காலத்து ஈரத்துக்கு ஒதுங்கி வீட்டுக்குள் வருகிறது. தரையில் தூங்குகிறவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடுகிறது. கடித்த வலி எறும்புக்கடி அளவுகூடப் பலருக்குத் தெரிவதில்லை. அதன் விஷம் நரம்புக்கும் தசைக்கும் உள்ள தொடர்பைத் துண்டிப்பதால், இமை தாழ்ந்து, பேச்சு குழறி, விழுங்க முடியாமல் போய், கடைசியில் மூச்சை இழுக்கும் தசைகளும் ஓய்ந்துவிடுகின்றன. ஆகவே மழைக்காலத்தில் தரையில் படுத்த ஒருவர் இரவில் வயிற்று வலியோடு விழித்து, இமையைத் தூக்க முடியாமல் தவித்தால், காயம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாம்பின் அடையாளம் அங்கே மனிதனின் கண்ணிமையில் எழுதப்பட்டிருக்கிறது. இதற்குத் தடுப்பு வழி மிக எளிது: ஒரு கட்டில், அதற்கு வசதியில்லையென்றால் பாயின் கீழ் நன்றாகச் செருகிய ஒரு கொசுவலை.

மூன்றாவது கண்ணாடி விரியன். தடித்த பழுப்பு உடம்பில், கறுப்பு விளிம்பு கட்டிய நீள்வட்டங்கள் மூன்று வரிசையாக, சங்கிலிக் கண்ணிகளைப் போல ஒழுங்காக ஓடும். தலை அகன்று, செதில்கள் சொரசொரப்பாக இருக்கும். நெருங்கினால் உலைத் துருத்தி ஊதுவதுபோல் நெடுமூச்சாகச் சீறும். அந்தச் சீற்றத்தை எச்சரிக்கை என்று எண்ணி நின்றுவிடுகிறவனுக்கு அதனால் தீங்கு வருவதில்லை. முட்டையிடாமல் குட்டி போடுகிற இந்த இனம் ஒரே ஈற்றில் 20 முதல் 40 வரை ஈனுவதால், ஆடி ஆவணியில் வரப்பிலும் வேலியோரத்திலும் சிறு குட்டிகள் இருக்கக்கூடும். அந்தக் குட்டிகளுக்கும் பிறந்த அன்றே விஷம் உண்டு. இதன் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் பழுதாக்கும்.

இதைப் போலத் தோன்றி உயிர் இழப்பது மண்ணுளிப் பாம்பு. அதன் மேனியிலும் பழுப்புத் திட்டுகள் உண்டு; ஆனால் அவை ஒழுங்கற்று ஒன்றோடொன்று இணைந்து கோணல்மாணலாக ஓடும்; கண் சிறியது; வால் மழுங்கிக் குட்டையாக இருக்கும். அதன் உறவாகிய, வாலும் தலைபோல் மொண்ணையாக உள்ள இருதலை மணியனுக்கு மருந்து குணமும் அதிர்ஷ்டமும் உண்டென்று நம்பி, லட்சக்கணக்கில் விலை பேசுகிற வஞ்சகர்கள் இன்றும் திரிகிறார்கள். அதற்கு இரண்டு தலையும் இல்லை, அற்புத குணமும் இல்லை. மண்ணுக்குள் எலியைத் தேடிப் போகிற ஒரு சாதுவான ஜீவன் அது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

கண்ணாடி விரியன் பகலில் புதரிலும் பருத்திமார்க் கட்டுகளின் அடியிலும் படுத்து, இருட்டியபின் வழியோரம் வந்து அசையாமல் கிடக்கும். வேகமாக விலகிப் போகும் சுபாவம் அதற்கு இல்லாமையால், மிதிக்கிறவன் கடிபடுகிறான். ஆகவே மிதிக்காமல் இருப்பதே அதற்குரிய உபாயம்: கையில் ஒரு டார்ச்சு விளக்கு, காலில் கணுக்காலை மூடும் செருப்பு அல்லது பூட்ஸ், வரப்பில் தட்டிக்கொண்டு போக ஒரு கம்பு. பாம்புக்கு வெளிக்காது இல்லை. நிலத்தின் அதிர்ச்சியை அது உடம்பால் உணர்கிறது. அடிப்பதற்கு எடுத்த கம்பைத் தட்டுவதற்குப் பயன்படுத்தினால் இருவர் உயிரும் பிழைக்கும்.

நான்காவது சுருட்டை விரியன். உருவத்தில் சிறியது, ஒரு சாணுக்கும் ஒரு முழத்துக்கும் இடைப்பட்டே பெரும்பாலும் காணப்படும். மணல் நிற உடம்பின் இரு பக்கங்களிலும் அலை அலையாக வெள்ளைக் கோடு. தலையின்மேல் பறவையின் காலடி போன்ற, அல்லது அம்பு போன்ற ஒரு குறி. மிரண்டால் உடம்பை எட்டு வடிவாகச் சுருட்டி, பக்கவாட்டுச் செதில்களை ஒன்றோடொன்று உரசி, ரம்பம் அறுப்பதுபோல் ஒலி எழுப்பும். பூனைப் பாம்பை இதுவென்று மயங்குவார்கள். பூனைப் பாம்பு கயிறுபோல் மெலிந்து நீண்டது, கண் பெரியது, மரத்திலும் செடியிலும் ஏறுவது. சுருட்டையின் இடம் வறண்ட கல்லாங்காடு. பகலெல்லாம் கல்லின் அடியிலும் கட்டாந்தரைச் செடியின் தூரிலும் கிடக்கும். எனவே கல்லைப் புரட்டுகிறவர், விறகு பொறுக்குகிறவர், வேலிமுள் அள்ளுகிறவர் ஆகியோர் கையை நீட்டுமுன் கம்பால் கிளறிப் பார்ப்பதை ஒரு நியமமாகக் கொள்ள வேண்டும். சிறிய பாம்புதானே என்று அலட்சியம் செய்து இரண்டு நாள் கழித்து ஈறில் ரத்தம் கசியும்போது ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

இந்த நான்கு போக, நம்மைச் சூழ்ந்துள்ளவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கற்றவை. கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்று பழி சுமந்த கொம்பேறி மூக்கன், வெண்கல நிற முதுகோடு கிளைக்குக் கிளை தாவி ஓணானைத் தேடுகிற ஓர் அழகிய பிராணி. அதற்கு நம்மைக் கொல்லும் விஷம் இல்லை. கண்ணைக் கொத்தும் என்று பயப்படுகிற பச்சைப் பாம்பு, செடியோடு செடியாக நின்று தன்னை மறைத்துக்கொள்வதையே தற்காப்பாகக் கொண்டது. கம்மாயில் தவளையையும் மீனையும் உண்ணுகிற தண்ணீர்ப் பாம்பு பிடித்தால் கோபமாகக் கடிக்கும், ஆனால் விஷம் இல்லை. பூந்தொட்டியின் அடியில் மண்புழுப்போல் நெளிகிற புழுப்பாம்போ எறும்பின் முட்டையையும் கறையானையும் தின்று வாழ்வது. அந்த இனத்தில் ஆணே இல்லை, பெண்ணே தனியாக இனம் பெருக்குகிறது. இவற்றையெல்லாம் ஒரே சொல்லால் பாம்பு என்று அழைத்து ஒரே கம்பால் தீர்த்துவிடுகிறோம். எலியைத் தின்னும் சாரை ஒன்றை அடித்தவன், தன் மக்காச்சோளத்துக்குக் கூலியில்லாமல் காவல் இருந்தவனை அடித்தவன் ஆகிறான்.

இனி, மிக முக்கியமான ஒரு விஷயம். இவ்வளவு நேரமும் இனங்காணும் முறையைச் சொல்லிவந்த நான், கடிபட்ட பிறகு பாம்பை இனங்காண முயலவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இது முரண்பாடாகத் தோன்றலாம். காரணத்தைக் கேட்டால் தெளிவாகும். நம் நாட்டில் வழங்கும் விஷமுறிவு மருந்து, நான் சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்து ஒன்றாகச் செய்யப்பட்டது. கால்மெட் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1890-களில் கண்ட வழியிலேயே, குதிரையின் உடம்பில் சிறிது சிறிதாக விஷத்தைச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்தெடுத்து அதை இன்றும் தயாரிக்கிறார்கள். அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியைத் தருகிறவர்கள் நம் தமிழ்நாட்டு இருளர்கள். செங்கல்பட்டுச் சீமையில், மாமல்லபுரம் போகிற வழியிலுள்ள வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், பாம்பைப் பிடித்து, விஷத்தைக் கறந்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். தோலுக்காகப் பாம்பைக் கொன்று பிழைக்க நேர்ந்திருந்த ஒரு சமூகம், அதே கைத்திறனால் தேசத்தின் உயிர்களைக் காக்கிற சமூகமாக மாறிய அந்த வரலாற்றை நம் பள்ளிப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

மருந்து நான்குக்கும் பொது ஆகையால், பாம்பைத் தேடிப் போவதில் பிரயோஜனம் இல்லை. அதை அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுவதே மிச்சம். எந்த விஷம் என்பதை மருத்துவர் நோயாளியின் உடம்பிலிருந்தே அறிந்துகொள்வார். ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தத்தை எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிஷம் வைத்து, உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் விஷம் என்று கண்டுகொள்வது அவர்கள் கைக்கொள்ளும் ஓர் எளிய சோதனை. நாம் செய்ய வேண்டியதெல்லாம் சில காரியங்களே. கடிபட்டவரைத் தைரியப்படுத்துங்கள், மோதிரம், வளையல், மெட்டி இவற்றைக் கழற்றுங்கள், எலும்பு முறிந்த கைகாலைப்போல் அந்த அவயவத்தை மட்டை வைத்து அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள், 108 வாகனத்தை அழையுங்கள், அது வரத் தாமதமானால் கிடைத்த வாகனத்தில் புறப்படுங்கள். கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது ஆகிய மூன்றும் கூடவே கூடாது.

வேப்பிலையையும் மிளகையும் மெல்லக் கொடுத்து ருசி பார்க்கச் சொல்வதிலும், மந்திரிப்பதிலும் காலம் போக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மந்திரித்துப் பிழைத்தவர்களை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோமே என்பார்கள். உண்மைதான். கடிப்பவற்றில் பெரும்பாலானவை விஷமற்ற பாம்புகள். விஷப்பாம்பும் கடிக்கும்போதெல்லாம் விஷத்தைச் செலுத்துவதில்லை. அப்படிப் பிழைக்கவே இருந்தவர் பிழைத்த கணக்கு மந்திரத்தின்பேரில் எழுதப்பட்டுவிடுகிறது. 2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். பாதிப்பேர் மழைமாதங்களில் மாண்டவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் சேர்த்தது. 2024-இல் தமிழ்நாட்டு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயமாகப் பதிவுசெய்து அறிவிக்க வேண்டிய ஒன்றாக ஆக்கியது. நம்மைப் போன்றவர்களின் மரணம் எண்ணிக்கைக்கு வரத் தொடங்கியிருக்கிறது. அந்த எண்ணிக்கை குறைவது நம் வீட்டு வாசலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆகவே, இனங்காணும் அறிவுக்கு உரிய காலம் கடிபடுவதற்கு முன்னால் உள்ள காலம். வீட்டுக்குள் பாம்பு வந்தால் விளக்கைப் போட்டு, பிள்ளைகளை அப்புறப்படுத்தி, அது இருக்கிற இடத்தின்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு, தீயணைப்பு நிலையத்தாருக்குச் சொல்லியனுப்புங்கள். இன்று பாம்பைப் பத்திரமாகப் பிடித்துக் கொண்டுபோய் விடுகிற தொண்டை அவர்கள் செய்துவருகிறார்கள். மாணவர்கள் நான்கு பாம்புகளின் மேனியையும் நடையையும் பொழுதையும் இடத்தையும் மனத்தில் வாங்கி, வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

சித்தி இறந்த பிறகு நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அந்த ஆண்டுப் பருத்தி விற்ற பணத்தில் பாட்டி முதலாவதாகச் செய்தது, வீட்டிலிருந்த ஆட்களின் எண்ணிக்கைக்குக் கயிற்றுக் கட்டில்கள் செய்வித்தது. தரையில் ஒருவரும் படுக்கக் கூடாது என்று கட்டளையிட்டாள். இரவில் ஒவ்வொரு கட்டிலாக வந்து, தொங்கும் போர்வையின் நுனியை மேலே எடுத்துச் செருகிவிட்டுப் போவாள். தன் மகளைக் கொன்ற பாம்பின் பெயரும் உருவமும் அவளுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் அது வருகிற பொழுதும் இடமும் அவளுக்குத் தெரிந்துவிட்டன. அதற்கு அவள் கொடுத்த விலை ஒரு பெண்ணின் உயிர். அதே அறிவு உங்களுக்கு இன்று விலையின்றிக் கிடைத்திருக்கிறது. இன்று இரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் பிள்ளைகள் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை விளக்கை எடுத்துப் பாருங்கள்.